பேச்சுத் தமிழ் பயிற்றிய பேராசான் போப்பையர்

நம் கல்லூரியின் விழா மலரில் இடம்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் நம்மை வளர்த்த ஆசிரியப் பெருமக்களை நினைவுகூர்வனவாக இருத்தல் மரபு. அம்மரபுக்கு மாறுபடாமல் யானும் ஓர் ஆசிரியரைப் பற்றியே எழுதப் புகுகின்றேன். ஆயின் அவர் நம் கல்லூரியில் கால்வைத்தவரல்லர், நம் நாட்டவருமல்லர். 1820ஆம் ஆண்டிற் பிறந்து 1908ஆம் ஆண்டில் மறைந்த ஜி. யூ. போப்பையர் அவர்கள்தாம் அவ்வாசிரியர். திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்த பெரியார் என்று அவரை நாம் எல்லாரும் அறிவோம். பிறமொழியாளர்க்குத் தமிழிற் பேசக் கற்பித்த ஆசான் என்ற முறையில் அவரை நம்முட் பலர் அறியோம். யானும் அறியாதவனாகவே நெடுங்காலம் இருந்தேன். அறிய நேர்ந்த வரலாற்றை முதற்கண் சொல்லிவிடுதல் நன்று.

காத்தான்குடியில் தமிழாசிரியனாகத் தொழில்புரியும் யான், சில ஆண்டுகளுக்கு முன்னர், சிங்களம் பேசும் அரச உத்தியோகத்தர் சிலர்க்கு மாலை வேளைகளில் தமிழ் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். பயிற்சிக் கலாசாலையிற் கற்ற முறைப்படியே பாடத்தைத் தொடங்கினேன். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று என எழுத்துக்கள் இருநூற்று நாற்பத்தேழையும் எழுதுவித்தேன். பின்னர் வேற்றுமை எட்டையும் சொல்லிக் கொடுத்தேன். மாணாக்கர் ஊக்கமுடையவர்கள். முதற்றவணைச் சோதனையில் ஒருவர் ஒரு புள்ளிகூடக் குறையாமற் பெற்றார். அப்புள்ளிகளைக் கண்டு அவரைவிட யானே பெரிதும் மகிழ்ந்தேன்.

அடுத்த கிழமை அவர் வாடிய முகத்தோடு வகுப்புக்கு வந்தார். வாவிக்கரையில் வாழும் முதியவரொருவர், இரவிற் கட்டிவைத்த வலை காலையிற் காணாமற் போயிற்றென முறையிட வந்தாராம். அவர் சொன்னவற்றுள் ஒரு சொல்லேனும் தமக்கு விளங்கவில்லை என்றும், முதியவர் இருமுறை சொல்லிப் பார்த்துப் பின்னர் ஒன்றும் பேசாது எழுந்து போய்விட்டார் என்றும் அவர் கூறினார். காணவில்லை என்று யான் எழுதுவித்த சொல் அம்முதியவர் வாயிற் காணல்ல என ஒலித்தது. வருகிறேன் என்று யான் கற்பித்தது வாறன் என ஒலித்தது. சொல் மாறி ஒலித்தது ஒரு புறமிருக்க, எந்த வலை, எங்கே கட்டியிருந்தீர்கள், எப்பொழுது கண்டீர்கள் என்று திருப்பிக் கேட்கும் பழக்கத்தையேனும் யான் அவர்க்கு உண்டாக்கியிருக்கவில்லை. முழுப் புள்ளி பெற்ற மாணாக்கர் முன்னே ஓர் ஏழையின் முறைப்பாடு கேட்பாரற்றுப் போனது. அக்குற்றம் மாணாக்கருடையதன்று, ஆசிரியனாகிய என்னுடையதே.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தமிழை அறியாதவர்க்குத் தமிழிற் பேசக் கற்பித்தவர்கள் முன்னர் எவருமில்லையோ என்று தேடத் தொடங்கினேன். தேடலிற் கிடைத்தது போப்பையர் எழுதிய தமிழ்க் கைந்நூலின் மறுபதிப்பொன்று. அந்நூல் வழியாகவே அவர் வாழ்க்கையையும் கற்றேன்.

பிறப்பும் முதற்பாடமும்

போப்பையர் 1820ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள், இன்று கனடாவைச் சேர்ந்த பிரின்ஸ் எட்வர்ட் தீவிற் பிறந்தார். தந்தையார் ஜோன் போப் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிலிருந்து அங்கே சென்று வணிகம் செய்தவர். தாயார் கதரின் யூக்ளோ. தாயாரின் குடிப்பெயரே போப்பையர் பெயரின் நடுவில் யூ என நிற்கின்றது. போப்பையர் சிறு பிள்ளையாயிருந்தபோதே, 1826ஆம் ஆண்டில், குடும்பம் இங்கிலாந்துக்கு மீண்டது. வெஸ்லியன் சபையாரின் பள்ளிகளிற் கல்வி பயின்ற அவர், சமயத் தொண்டின் பொருட்டுத் தென்னிந்தியா செல்ல விரும்பினார். அவ்விருப்பத்தால் 1837ஆம் ஆண்டில், பதினேழாம் வயதில், தமிழின் முதற்பாடத்தைக் கற்றார். 1839ஆம் ஆண்டிற் சென்னைக் கரையில் இறங்கியபோது அவர்க்கு வயது பத்தொன்பது.

அவரை அனுப்பிய வெஸ்லியன் சபை நம் மட்டக்களப்புக்கும் புதியதன்று. 1814ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அச்சபையின் முதற் குழுவினருள் ஒருவராகிய வில்லியம் ஓல்ற் என்பார் இவ்வாவிக்கரையிற் பள்ளி தொடங்கி, மறு ஆண்டே இம்மண்ணில் மறைந்தார். அவ்வாறு வந்தவர்கள் அனைவர்க்கும் முதற்றடையாய் நின்றது மொழியே. அத்தடையைக் கடந்த வழி ஆளுக்கொரு விதமாயிருந்தது.

போப்பையர்க்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர், 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயர், ஊர்த் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தாமும் ஒருவராய் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார்; கற்றவர்களோடு இடைவிடாது உரையாடியே மொழியை வசப்படுத்திக்கொண்டார். அவர் இலத்தீனில் இயற்றிய தமிழிலக்கணம் 1716ஆம் ஆண்டில் ஜேர்மனியில் அச்சேறியது. அவர்க்குப் பின் வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓரிலக்கணமும் கொடுந்தமிழுக்கு ஓரிலக்கணமும் என வேறு வேறாக எழுதினார். நாம் சிரித்து மகிழும் பரமார்த்த குருவின் கதையும், புதிதாய் வந்த பிறநாட்டார் வழக்குத் தமிழை வாசித்துப் பழகும்பொருட்டே முனிவரால் எழுதப்பட்டதென்பர். குருவும் சீடரும் ஓயாது வினாவுவதும் விடையிறுப்பதுமாய் அக்கதை அமைந்திருத்தலை நோக்கின் அக்கூற்றுப் பொருத்தமாகவே தோன்றுகின்றது.

இப்பெரியார் வகுத்த பாதை போப்பையர் கண்முன் இருந்தது. சென்னையில் அவர் இராமாநுச கவிராயரிடம் முறையாகத் தமிழிலக்கணமும் இலக்கியமும் பாடங்கேட்டார். அக்கவிராயர் பிறநாட்டார் பலர்க்குத் தமிழ் கற்பித்த புலவர். ஆங்கு நூற்றமிழ் கவிராயரிடத்தும், வழக்குத் தமிழ் தெருவிலும் சந்தையிலுமாக இருவகைத் தமிழும் ஒருங்கே அவர் செவியிற் புகுந்தன.

சாயர்புரத்து ஆசிரியர்

1842ஆம் ஆண்டளவில் போப்பையர் திருநெல்வேலிச் சீமையிலுள்ள சாயர்புரத்துக்குச் சென்றார். 1843ஆம் ஆண்டில் ஆங்கிலத் திருச்சபையிற் சேர்ந்து குருப்பட்டம் பெற்றார். பனங்காடு சூழ்ந்த அவ்வூரில் அவர் வளர்த்த பள்ளியில், கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு இலத்தீன், கிரேக்கம் முதலிய மொழிகளையும் பயின்றனர். மாணாக்கரிடத்து மிகுந்த கண்டிப்புக் காட்டியவர் எனவும் அவர்க்குப் பெயருண்டு. அன்பும் அறிவும் நிறைந்த அவரிடத்து அக்கண்டிப்பு ஒரு குறையாகவே எண்ணப்படும். பெரியாரின் வரலாற்றை எழுதுவோர் குறையை மறைத்தல் மாணாக்கர்க்கு நன்மை பயவாது. ஆயினும் அவ்வூரார் அவரை மறக்கவில்லை. 1962ஆம் ஆண்டிற் சாயர்புரத்தில் எழுந்த கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அந்நாட்களிலேயே அவர் தமிழ்ப் பிள்ளைகளுக்கென இலக்கண நூல்களை வினாவிடை வடிவில் இயற்றினார். போப்பையர் இலக்கணம் என அவை பள்ளிகளில் வழங்கின. இதே வினாவிடை வடிவத்தை நம் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்களும் தம் பாடநூல்களிற் கையாண்டமை யாவரும் அறிந்ததே. வினாவும் விடையுமாய்க் கற்பித்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆயின், இலக்கணத்தை மனனஞ் செய்தற்கு உதவும் வினாவிடை வேறு. ஒருவரோடொருவர் பேசுதற்குப் பயிற்றும் வினாவிடை வேறு. முன்னதில் விடை நூலில் அச்சாகியிருக்கும். பின்னதில் விடை எதிரே நிற்பவர் நெஞ்சில் இருக்கும். இவ்வேறுபாட்டைப் போப்பையர் வாழ்க்கையின் அடுத்த பகுதி நமக்குத் தெளிவாக்குகின்றது.

தஞ்சையும் தமிழ்க் கைந்நூலும்

1851ஆம் ஆண்டில் போப்பையர் தஞ்சாவூர்க்கு வந்தார். பழைய லுத்தரன் சபையாரோடு அவர்க்கு அங்கே நேர்ந்த பிணக்குகளைப் பற்றி விரித்தல் நம் நோக்கமன்று. அப்பிணக்குகளின் நடுவே அவர் செய்த அருந்தொண்டொன்றே நமக்கு வேண்டுவது. 1855ஆம் ஆண்டிற் பிறநாட்டார் தமிழ் கற்றற்குரிய கைந்நூலொன்றை வெளியிட்டார். அது பொதுமக்கள் வழங்கும் தமிழுக்கான நூல் என்பதை அதன் பெயரிலேயே புலப்படுத்தினார். காப்பியம் படிக்க விரும்புவோர்க்கன்றி, மக்களோடு பழகவேண்டியவர்க்கே அது முதற்கண் எழுதப்பட்டது.

அக்காலத்து நிலையை இங்கே நினைத்துப் பார்த்தல் வேண்டும். சென்னை அரசாங்கத்தின் இளம் உத்தியோகத்தர் இந்நாட்டு மொழிகளைக் கற்றற்பொருட்டு 1812ஆம் ஆண்டிலேயே சென்னைக் கோட்டையிற் கல்லூரியொன்று நிறுவப்பட்டிருந்தது. எனினும் துரைமார் பலர் துபாஷிகளின் வாயையும் முன்ஷிகளின் கையையும் நம்பியே காலங் கழித்தனர். இலங்கையிலும் முதலியார்களே துரைமார்க்குச் செவியும் நாவுமாக விளங்கினர். குடியானவன் ஒன்று சொல்ல, மொழிபெயர்ப்பவன் வேறொன்று சொல்ல, துரை மூன்றாவதொன்றை எழுதிக்கொள்ளும் நிலையில் நீதி எங்ஙனம் விளங்கும்? இரு மொழியும் அறிந்த ஒருவனே அங்கு உண்மையான அதிகாரியாயினான். எனவே ஒரு நாட்டை ஆள்வோனும், அந்நாட்டில் அறம் உரைப்போனும், நோய் தீர்ப்போனும் மக்கள் பேச்சை நேரே கேட்டு நேரே மறுமொழி சொல்லப் பழகவேண்டும் என்பது போப்பையர் நூலின் அடிப்படையாயிற்று. கடிதங்கள், உறுதிப் பத்திரங்கள், முறைப்பாட்டு விண்ணப்பங்கள், அரசாங்க ஆவணங்கள் ஆகியவற்றை எடுத்துக்காட்டிப் பகுத்து விளக்கும் பகுதிகளை அந்நூலிற் சேர்த்தமை இந்நோக்கத்தையே காட்டுகின்றது.

எம்முறையைப் பின்பற்றி அந்நூல் இயற்றப்பட்டது என்பதை அதன் முகப்பிலேயே அவர் அறிவித்தார். ஒல்லெண்டோர்ப், ஆர்னல்ட் என்னும் இருவர் முறையைத் தாம் தழுவியதாகக் குறித்தார். ஆர்னல்ட் இங்கிலாந்திலே கிரேக்கம், இலத்தீன் பாடநூல்களை எழுதியவர். ஒல்லெண்டோர்ப் பாரிஸ் நகரத்தில் மொழி கற்பித்தவர். அவர் வகுத்த முறை அந்நாளில் ஐரோப்பா எங்கும் புகழ்பெற்றிருந்தது. இலக்கணம் முழுவதையும் முதலிற் கற்பித்துப் பின்னர்ப் பேசவிடுதல் பழைய வழக்கம். ஒல்லெண்டோர்ப் அதனை மாற்றினார். ஒரு பாடத்தில் ஒரு சிறு விதி. அவ்விதி அமைந்த ஒரு வினா. வினாவிலுள்ள சொற்களையே பெரும்பாலும் கொண்ட ஒரு விடை. அடுத்த பாடத்தில் அதனோடு ஒன்றிரண்டு புதுச் சொற்கள். படியேறுவான் ஒருவன் ஒரு காலை ஊன்றி மறுகாலை எடுத்துவைத்தல் போல, தெரிந்ததில் நின்று தெரியாததைத் தொடும் முறை இது.

போப்பையர் இம்முறையைத் தமிழுக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்டார். நம் மொழியில் வினாவெழுப்புதல் எத்துணை எளிது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எந்தச் சொல்லின் ஈற்றிலும் ஆகாரத்தைச் சேர்த்தால் அது வினாவாகிவிடும். ஐயத்துக்கு ஓகாரம் உண்டு. யார், எது, எங்கே, எப்பொழுது என்பன போல்வன சில சொற்களே. இவற்றை முன்னரே கையில் எடுத்துக்கொண்ட பிறநாட்டான், முந்நூறு சொற்களைக் கற்பதற்குள் ஊரார் யாரோடும் உரையாடத் தொடங்கிவிடலாம். வேற்றுமை எட்டையும் ஒப்பித்துவிட்டு வாய்திறவாது நிற்பதினும் இது மேலன்றோ!

முறையின் நிறையும் குறையும்

எம்முறைக்கும் குறையுண்டு. ஒல்லெண்டோர்ப் முறையில் எழுந்த நூல்களைப் பிற்காலத்தார் எள்ளி நகையாடினர். ஒருவனிடம் ரொட்டி சுடுபவனுடைய சட்டை உண்டா என வினாவ, அவன் இல்லை, தச்சனுடைய தொப்பியே உண்டு என விடையிறுப்பது போன்ற உயிரற்ற வாக்கியங்கள் அவற்றில் மலிந்தன என்பது அவர்கள் வழக்கு. சொல்லும் விதியும் பிழையற நிற்கும். ஆயின் உலகில் எவரும் எவரையும் அவ்வாறு கேட்பதில்லை. இக்குறையைக் கண்டே 1878ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பேர்லிற்ஸ் என்பார் கற்குமொழியன்றி வேறு மொழி வகுப்பில் ஒலித்தலாகாதென்னும் கட்டுப்பாட்டுடன் பள்ளி தொடங்கினார். 1882ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வீயத்தோர் என்னும் அறிஞர், மொழிப்பாடம் செவியிலும் வாயிலும் தொடங்கவேண்டுமென முழங்கினார். போப்பையர் நூல் இவ்விருவர்க்கும் முற்பட்டது. ஆதலின் அவர்கள் கண்ட தெளிவனைத்தையும் அதில் எதிர்பார்த்தல் முறையாகாது.

இன்னுமொரு குறையும் உண்டு. பொதுவழக்குத் தமிழ் என்று போப்பையர் கொண்டது, இக்காலத்து மொழியியலார் பேச்சுத் தமிழ் என வரையறுப்பதோடு முற்றும் ஒவ்வாது. வினைமுற்றுக்கள் பெரும்பாலும் எழுத்து வடிவிலேயே நிற்கின்றன. வாவிக்கரை முதியவரின் வாறன் அங்கே இல்லை. நூற்றமிழுக்கும் தெருத்தமிழுக்கும் இடையே நிற்கும் நடுத்தமிழ் அது. எவ்வூராரும் அதனை விளங்கிக்கொள்வர் என்பது அதன் பயன். எவ்வூராரும் அப்படியே பேசார் என்பது அதன் குறை.

இக்குறை நிறைகளை எடைபோடும்போது நம் நன்னூலே எனக்கு அளவுகோலாயிற்று. நன்னூலார் வினாவை ஆறு வகையாக்கினார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. ஆசிரியன் மாணாக்கனிடம் விடையைத் தான் அறிந்துகொண்டே வினாவுவது அறிவினா. நம் வகுப்பறைகளில் நாள்தோறும் எழுபவை பெரும்பாலும் அறிவினாக்களே. கரும்பலகையைச் சுட்டி இஃது என்ன என்று கேட்கின்றோம். கரும்பலகை என்கின்றான் மாணாக்கன். கேட்டவர்க்கும் தெரியும், சொன்னவர்க்கும் தெரியும். ஆனால் உலக வழக்கில் மனிதர் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஏனைய ஐந்தனாலேயாம். வழி தெரியாதவன் கேட்பது அறியாவினா. பாம்போ கயிறோ எனத் துணுக்குறுவது ஐயவினா. கடையில் அரிசி உண்டா என்பது கொளல்வினா. ஆடையில்லையா என இரங்கிக் கொடுக்க முன்வருவது கொடைவினா. வேலையை முடித்தாயா எனத் தூண்டுவது ஏவல்வினா. இவ்வைந்தையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தாலன்றி உரையாடல் கைவராது.

விடையையும் அவர் எட்டு வகையாக்கினார். அவற்றுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றுமே நேரான விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பாற் பொருளுணர்த்துவன. உண்கின்றாயா என்று வினாவினால் வயிறு வலிக்கின்றது என்பான் ஒருவன். வயிறு வலிக்கும் என்பான் மற்றொருவன். உண்ணாதிருப்பேனா என்று எதிர்வினா எழுப்புவான் இன்னொருவன். நீயே உண் என்று ஏவுவான் வேறொருவன். தேநீர் குடிப்பேன் என்று இனமானதைச் சொல்லி நிற்பான் மற்றுமொருவன். எவரும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. ஆயினும் தமிழன் ஒவ்வொருவரையும் விளங்கிக்கொள்கின்றான். ஆம், இல்லை என்னும் இரண்டையுமே எதிர்பார்க்கப் பழகிய பிறமொழியாளன் அங்கே திகைத்து நிற்பான். போப்பையர் நூலின் பயிற்சிகள் நேர்விடையளவில் அவனைக் கொண்டுசேர்க்கும். அப்பாலுள்ள ஐந்து விடைகளையும் அவன் மக்கள் நடுவே சென்றுதான் கற்றல்வேண்டும். சீகன்பால்கு ஐயர் மணலில் அமர்ந்து கற்றதும் அதுவே.

மலைநாட்டுப் பள்ளியும் ஆக்ஸ்போர்டும்

தஞ்சையை விட்ட போப்பையர் 1858ஆம் ஆண்டில் உதகமண்டலத்திற் பள்ளியொன்றைத் தொடங்கி, பன்னீராண்டளவு அதனை நடத்தினார். பின்னர்ப் பெங்களூர் பிஷப் கொற்றன் பள்ளியின் தலைமையை ஏற்று அதனை உயர்நிலைக்குக் கொண்டுவந்தார். இவ்வாண்டுகளில் அவர் கற்பித்தது பெரும்பாலும் ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கே. எனினும் தமிழ்க் கல்வியை அவர் கைவிடவில்லை. கைந்நூல் மீண்டும் மீண்டும் அச்சாயிற்று. பதிப்புத்தோறும் திருத்தமும் விரிவும் பெற்றது. அதற்குத் துணையாக உரைநடை வாசக நூலும் அகராதிகளும் எழுந்தன. அவர் வழியைப் பின்பற்றியும் அதனை மேலும் எளிதாக்கியும் பிறர் நூல்கள் இயற்றினர். அவற்றுள் ஆர்டன் என்பார் 1891ஆம் ஆண்டில் வெளியிட்ட பொதுவழக்குத் தமிழிலக்கணம் குறிப்பிடத்தக்கது.

ஏறக்குறைய நாற்பதாண்டுகளுக்கு மேல் தமிழகத்திலும் அதன் அயலிலும் வாழ்ந்த போப்பையர் இங்கிலாந்துக்கு மீண்டபோது அவர்க்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. பிறர் ஓய்வு பெறும் அவ்வயதில் அவர்க்குப் புதியதொரு வாழ்க்கை தொடங்கிற்று. 1884ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கும் தெலுங்குக்கும் விரிவுரையாளராக அமர்ந்தார். இந்திய ஆட்சித்துறைக்குத் தெரிவாகிச் சென்னை மாகாணத்துக்குச் செல்லவிருந்த இளைஞர் அவரிடம் பாடங்கேட்டனர். காவிரிக்கரையிற் கேட்ட குரல்களைத் தேம்ஸ் நதிக்கரையில் மீட்டும் எழுப்புதல் எளிய செயலன்று. சுற்றிலும் தமிழ் ஒலியாத ஊரில், தமிழ் பேசும் ஒரேயொரு வாய் ஆசிரியருடையதாகவே இருந்திருத்தல் வேண்டும். இன்று பிறநாட்டு மொழியொன்றை நம்மூரிற் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் அதே நிலையில் நிற்பதை நினைந்தால், அவர் பட்ட பாடு நமக்குப் புலனாகும்.

இக்காலத்திலேயே அவர் பெருநூல்கள் வெளிவந்தன. திருக்குறள் 1886ஆம் ஆண்டிலும், நாலடியார் 1893ஆம் ஆண்டிலும், திருவாசகம் 1900ஆம் ஆண்டிலும் ஆங்கிலவுருப் பெற்றன. புறநானூற்றுச் செய்யுட்கள் சிலவற்றையும் அவர் மொழிபெயர்த்தார். திருவாசகத்தைத் தொடங்குமுன் தம் முதுமையை எண்ணித் தயங்கினாராம். அவர் பணிபுரிந்த பேலியல் கல்லூரியின் தலைவர் ஜோவெற், பெரும்பணியொன்றைக் கையில் எடுத்திருப்பதே நீண்டநாள் வாழ்தற்கு வழி என்று கூறி ஊக்கியதைப் போப்பையரே அந்நூன்முகத்திற் பதிவு செய்துள்ளார். அம்முகவுரையை அவர் எழுதி முடித்தது 1900ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள். அஃது அவர்க்கு எண்பதாம் பிறந்தநாள். முதற்பாடம் கேட்ட 1837ஆம் ஆண்டையும் அங்கே நினைவுகூர்ந்துள்ளார். இடைப்பட்டவை அறுபத்து மூன்று ஆண்டுகள்! அதன் பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. எண்பது வயதைக் கடந்தும் கைந்நூலின் புதுப்பதிப்புக்காக உழைத்தார். திருவாசகத்தில் தோய்ந்த அதே உள்ளம், தொடக்க மாணாக்கனுக்குரிய சிறு பயிற்சியையும் சிறிதென எண்ணவில்லை என்பது ஆசிரியர்களாகிய நாம் அறிந்து போற்றத்தக்கது.

1906ஆம் ஆண்டில் இராயல் ஆசியக் கழகம் பொற்பதக்கம் அளித்து அவரைச் சிறப்பித்தது. 1908ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். ஆக்ஸ்போர்டிலுள்ள புனித செபல்கர் இடுகாட்டில் அவருடல் அடக்கஞ் செய்யப்பட்டது. தம் கல்லறையில் தமிழ் மாணவன் என்று பொறிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டதாகவும் அங்ஙனமே பொறிக்கப்பட்டதாகவும் நம் மேடைகளிற் பலகாலும் சொல்லப்படுகின்றது. யானும் மாணாக்கர்க்கு அவ்வாறு சொல்லியதுண்டு. அக்கல்லில் அத்தொடர் இல்லை. அவர் வகித்த பதவிகளும், அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பரும் சேர்ந்து அன்பினால் அக்கல்லை நாட்டினர் என்னும் செய்தியுமே அதிலுண்டு. கட்டுக்கதையினும் இவ்வுண்மையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. கடல்கடந்த ஊரொன்றில் இறந்த ஆசிரியனுக்குத் தமிழர் கல்லெடுத்தனர் என்றால், அவர் வெறும் நூல்களோடு மட்டும் பேசியவரல்லர், மனிதரோடு பேசி நட்புக் கொண்டவர் என்பதன்றோ பொருள்! 1968ஆம் ஆண்டில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவர்க்குச் சிலையும் எழுந்தது.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

நம் நாட்டின் வரலாற்றில் மொழி ஒரு புண்ணாகவே இருந்துவந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்விளைவுகளும் நம் தலைமுறையின் வாழ்க்கையை எங்ஙனம் அலைக்கழித்தன என்பதை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியென ஏற்றது. 2007ஆம் ஆண்டு தொடக்கம் அரச சேவைக்குப் புதிதாக வருவோர் மற்றை ஆட்சிமொழியிலும் தேர்ச்சிபெறல் வேண்டுமென விதிக்கப்பட்டது. விதி நல்லதே. ஆயின் தேர்ச்சி என்பது தாளில் எழுதிப் பெறும் புள்ளியளவில் நின்றுவிடுமாயின், காரியாலய வாயிலில் நிற்கும் ஏழைக்கு அதனாற் பயனென்ன? தமிழ்ப் பிள்ளை சிங்களம் கற்பதும், சிங்களப் பிள்ளை தமிழ் கற்பதும், இருவரும் ஆங்கிலம் கற்பதும் இன்று பாடத்திட்டத்தில் உண்டு. எழுதத் தெரிந்தும் வாய்திறக்க நாணும் மாணாக்கரே மிகுதி.

இதற்கு மாறான காட்சியையும் யான் தொழில்புரியும் காத்தான்குடியிலே நாள்தோறும் காண்கின்றேன். பிடவை வணிகத்தின் பொருட்டுத் தூர ஊர்களுக்குச் சென்று பழகிய முதியவர்கள் சிங்களத்திற் சரளமாகப் பேசுவார்கள்; அவர்களுட் சிலர்க்கு அம்மொழியில் ஓரெழுத்தேனும் எழுதத் தெரியாது. அவர்களுக்கு இலக்கணம் கற்பித்தது விலை கேட்ட மனிதர்கள். சோதனை நடத்தியது சந்தை. கேட்பவன் உண்மையாகவே அறிய விரும்பினான். சொல்பவன் உண்மையாகவே விற்க விரும்பினான். அந்த விருப்பமே ஆசிரியனாயிற்று. எழுத்தறிவும் இப்பேச்சறிவும் ஓரிடத்திற் கூடுமாயின் அதுவே முழுமையான மொழிக்கல்வி.

போப்பையரைக் கற்ற பின்னர் என் மாலை வகுப்பை மாற்றிக்கொண்டேன். எழுத்தை விலக்கவில்லை, அதனை இரண்டாமிடத்தில் வைத்தேன். முதல் நாளிலேயே வினாச்சொற்களைக் கொடுத்தேன். இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் அறியாத செய்தியை மற்றவரிடம் கொடுத்து, கேட்டு அறியும்படி பணித்தேன். பிள்ளைகள் எத்தனை பேர், ஊர் எது, அவ்வூரில் என்ன விளையும் என்று அவர்கள் ஒருவரையொருவர் உண்மையாகவே வினாவினர். விடை பிழையாயினும் இடையே மறித்துத் திருத்தாது, பேச்சு முடிந்த பின்னரே திருத்தினேன். விளங்காதவிடத்து மறுமுறை சொல்லுங்கள், மெல்லச் சொல்லுங்கள் என்று பணிவோடு கேட்கும் தொடர்களை எல்லாவற்றுக்கும் முன்னர்ப் பயிற்றினேன். வாறன், போறன், காணல்ல என்னும் நம்மூர் வடிவங்களைச் செவிக்குப் பழக்கினேன். வாய்க்கும் கைக்கும் திருந்திய வடிவங்களையே பயிற்றினேன். ஊரவர் சிலரை அழைத்துவந்து வகுப்பில் அமர்த்தினேன். இவற்றுள் ஒன்றும் என் புத்தாக்கமன்று. நன்னூலாரும் போப்பையரும் தந்தவையே.

சில திங்களின் பின், முன்னர்க் கூறிய அவ்வுத்தியோகத்தர் வாவிக்கரைக்குத் தாமே சென்று அம்முதியவரைத் தேடிக் கண்டார். வலை அகப்படவில்லை, காலம் கடந்துவிட்டது. ஆயினும் இருவரும் தோணியின் விளிம்பில் அமர்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனராம். முதியவர் சொன்னவற்றுள் பாதிக்கு மேல் விளங்கிற்று என்று அவர் என்னிடம் வந்து கூறியபோது, முழுப் புள்ளி பெற்ற நாளில் இல்லாத ஒளி அவர் முகத்தில் இருந்தது.

இம்மலரைப் படிக்கும் மாணவத் தம்பிமார்க்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் கற்கும் பிறமொழி எதுவாயினும், அதிலே இன்று ஒருவரை ஒரு வினாக் கேளுங்கள். உங்களுக்கு விடை தெரியாத வினாவாக அது இருக்கட்டும். பழைய மாணவர்களாகிய நம்முட் பல்வேறு பதவிகளில் இருப்போர், நம்மிடம் மற்றமொழியில் முறையிட வருபவர் வாய்மூடித் திரும்பிப் போகாதவாறு காத்தல் வேண்டும். பதினேழாம் வயதில் முதற்பாடம் கேட்டு, எண்பது கடந்தும் தொடக்க மாணாக்கனுக்குப் பயிற்சி எழுதிய பேராசானுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.

பழைய மாணவன்,
பயிற்றப்பட்ட தமிழாசிரியர், காத்தான்குடி.